கொடிமலையில் ஒரு மாலை

செலாயாங்கில் எம் இல்லத்து வாயிலில் நின்றால் குன்றுகள் தெரியும், கடல் தெரியாது. "உயரத்திலிருந்து ஒருமுறை கடலைப் பார்க்கவேண்டும்" என்று எண்பதைக் கடந்த எம் அன்னையார் பலகாற் கூறிவந்தார். ஆதலின், அண்மையில் அவரைப் பினாங்குக் கொடிமலைக்கு அழைத்துச் சென்றோம்.

முற்காலத்தில் அம்மலையின் குளிர்ச்சி, வெள்ளை அதிகாரிகட்கும் செல்வர்க்குமே உரியதாயிருந்தது. அவர்கள் டோலியிற் சாய்ந்திருக்க, கூலிகள் தோள்மேற் சுமந்து ஏறினர். காற்று மேலிருந்தார்க்கு, வியர்வை கீழிருந்தார்க்கு! 1923-ல் மலை ரயில் ஓடத் தொடங்கிற்று. மனிதனை மனிதன் சுமக்கும் இழிவுக்கு அங்கே வேலையற்றுப் போயிற்று. இயந்திரத்தைப் பழிப்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

உச்சி ஏறத்தாழ 830 மீட்டர் உயரம். கீழே ஜார்ஜ் டவுன் நகரமும், நீரிணையும், 1985-ல் திறக்கப்பட்ட பாலமும், எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தும் ஒருங்கே விளங்கின. அன்னையார் அவற்றின் அழகைப் பேசவில்லை.

"அப்பா வந்த கப்பல் எந்தப் பக்கமாக வந்திருக்கும், தம்பி?" என்று கேட்டார்.

நாகப்பட்டினத்திற் கப்பலேறி இத்துறையில் இறங்கிய எம் பாட்டனார், தோட்டத்திற் பால்மரம் வெட்டியே மாண்டவர். இம்மலையை அண்ணாந்து பார்த்ததன்றி ஏறியறியார். யாம் வடமேற்கே கை காட்டினோம். அன்னையார் நெடுநேரம் அத்திசையையே நோக்கியிருந்தார்.

கூலியாய் வந்தவர் மகள், எவர் தோளையும் வருத்தாமல் அவ்வுச்சியில் நின்றார். அன்பர்களே, அதனினும் இனிய காட்சியை யாம் அங்குக் கண்டிலோம்.