சைக்கிள் 'செயின்' கழன்றால்...

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

சைக்கிளில் வரும் தோழியர் அனைவருக்கும் அந்த ஓசை தெரியும். 'கடக்' என்று ஒரு சத்தம். உடனே கால் வெறுங்காற்றை மிதிக்கும். செயின் கழன்றுவிட்டது!

அப்போது குனிந்து பார்க்கக் கூடாது. நம்முடைய சாதாரண சைக்கிளில் பிரேக் செயினை நம்பி இல்லை. ரப்பர்க் கட்டைகள் 'ரிம்'மைத்தான் பிடிக்கின்றன. ஆகவே மிதிப்பதை நிறுத்தி, மெல்லப் பிரேக் பிடித்து, ஓரமாக இறங்கிவிடலாம். பதற்றத்தில் மேலும் மிதித்தால் செயின் இடுக்கில் சிக்கிக் கொள்ளும். பிறகு சைக்கிள் கடைதான் கதி.

இதை எனக்குக் கற்பித்தவர் என் அப்பத்தா. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியதும், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டதும் நம் விரிவுரையாளர்கள் பலர் அறிந்த செய்தி. அப்பத்தா அப்போது கல் உடைக்கும் கூலி. வாடகைக்கு எடுத்த, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பழகினாராம். ஒருநாள் டீக்கடை முன்பாகவே செயின் கழன்றது. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று சிரித்தார்களாம். இரக்கப்பட்டு ஒருவர் எழுந்து வர, "வேணாம்ணே, எப்படின்னு சொல்லுங்க, நானே மாட்டிக்கிறேன்" என்றாராம் அப்பத்தா. இன்று கேட்டாலும் அந்த இடத்தில் அவர் குரல் சற்று உயரும்.

"மொதல்ல பின்பல்லு, தாயி" என்பார். செயினைப் பின்பல்சக்கரத்தில் நன்றாக உட்கார வைக்க வேண்டும். பிறகு முன்பல்சக்கரத்தின் அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று பற்களில் மாட்டிக்கொண்டு, பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் மீதிச் செயின் தானே ஏறிவிடும். விரலைப் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் விடக்கூடாது; ஒரு குச்சி போதும்.

அடிக்கடி கழன்றால், செயின் தொய்ந்திருக்கிறது என்று பொருள். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் பின்சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை இருபுறமும் சமமாகப் பின்னுக்கு இழுத்து இறுக்க வேண்டும். "செயின் நீண்டுபோச்சு" என்பார் கடைக்காரர். உண்மையில் இரும்பு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் தேய்கின்றன. நூற்றுச் சொச்சம் ஊசிகளில் ஏற்படும் சிறு தேய்மானமெல்லாம் சேர்ந்து நீளமாகிவிடுகிறது. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக ஓர் அடி. அடிக்கோலை வைத்துப் பார்த்து, அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். ஆய்வகத்தில் 'வெர்னியர்' பிடிப்பதற்கு முன்பே நான் செய்த முதல் அளவை இதுவே!

2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பேருந்து எங்கள் ஊருக்குள் வருவதில்லை. பள்ளியில் படிக்கும்போது அரசு தந்த சைக்கிளில் ஐந்து கிலோமீட்டர் மிதித்து, காலை எட்டுமணிப் பேருந்தைப் பிடிக்கிறேன். அதை விட்டால் அடுத்தது பத்து மணிக்கு. அன்றைய செய்முறை வகுப்பு போயிற்று. "தூரமா இருக்கு, எதுக்குப் படிப்பு?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முழுவதும் ஓயவில்லை. வழியில் யாராவது வரட்டும் என்று காத்து நிற்கும் நிலை எனக்கு இருந்தால், அந்தப் பேச்சு வென்றிருக்கும்.

இப்போது எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது. கைக்கறுப்புக்குத் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள். வெறும் சோப்புக்கு அது போகாது. பையில் ஒரு சிறு புட்டி வைத்திருக்கிறேன். தேவைப்படும் தோழியர் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.