வீடு காட்டும் மொழி

தில்லியில் வீட்டுத் தரகரைத் தரகர் என்று அழைப்பவர் குறைவு. அவர் ‘பிராப்பர்ட்டி டீலர்’. முனிர்க்கா, விஜய் நகர் போன்று பல்கலைக்கழகங்களை ஒட்டியுள்ள பகுதிகளில் அவரது பெயர்ப்பலகையைத் தேட வேண்டியதில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், சில சாவிக்கொத்துகள், அலுவலகம் அவ்வளவே. விடுதியில் இடம் கிடைக்காத ஆய்வு மாணவர் வெளியே அறை தேடப் புறப்பட்டால், வீட்டைப் பார்ப்பதற்கு வெகு முன்னரே இந்தத் தரகரின் மொழியைச் சந்திக்கிறார்.

அம்மொழியின் எழுத்து வடிவம் விளம்பரம். அதில் வினைமுற்று அநேகமாக இராது. ‘காற்றோட்டமானது, மெட்ரோ நடைதூரம், உடனே குடியேறலாம், குடும்பத்தாருக்கு மட்டும்’ என்று பெயர்களும் அடைகளுமே வரிசைகட்டி நிற்கும். வீட்டு உரிமையாளர் ஒரே தரகரிடம் பொறுப்பை ஒப்படைப்பதில்லையாதலால், ஒரே அறை நான்கு தரகர்களின் பெயரில் நான்கு வாடகைகளில் இணையத்தில் கிடக்கும். படங்கள் மட்டும் மாறுவதில்லை. வீட்டு எண்ணை எவரும் குறிப்பிடுவதில்லை. எண் தெரிந்தால் தேடுபவர் நேரே உரிமையாளரிடம் போய்விடுவார். அரை மாதமோ ஒரு மாதமோ வாடகையளவு கிடைக்க வேண்டிய தரகு போய்விடும். ஆகவே மெட்ரோ நிலைய வாசலில் சந்திப்பு. அங்கிருந்து சந்துகளின் வழியே நடை. குடியேறியாகிவிட்ட வீட்டின் விளம்பரமும் உடனே நீக்கப்படுவதில்லை. தொலைபேசி மணியை அடிக்கச் செய்வதே அதன் மிச்சப் பணி. “அது நேற்றுத்தான் போயிற்று, அதே பகுதியில் இன்னொன்று இருக்கிறது.”

உண்மையான தெரிவு அந்தத் தொலைபேசி உரையாடலில்தான் நிகழ்கிறது. எத்தனை பேர்? என்ன வேலை? எந்த ஊர்? சைவமா? முழுப்பெயர் என்ன? தனித்தனியே நோக்கினால் இவை வெறும் விவரக் கேள்விகள். இவற்றுள் ஒன்றுகூட மறுப்பு அன்று. மறுப்பு குறிப்பெச்சமாக நிற்கிறது; கேட்பவரே அதை நிரப்பிக்கொள்ள வேண்டும். ‘ப்யூர் வெஜ்’ என்பது உணவகப் பலகையில் உணவைக் குறிக்கும் அடை. தரகரின் வாயில் அது மனிதரைக் குறிக்கும் அடையாகிவிடுகிறது. சமையலறையைப் பற்றிய கேள்வியாகத் தொடங்குவது சாதி, மதம், மாநிலம் ஆகிய மூன்றையும் ஒரே வீச்சில் தொட்டுவிடுகிறது.

சொற்பொருளியல் மாணவர்களுக்கு ‘பேச்சிலர்’ என்ற சொல் நெடுநாள் அறிமுகம். காட்ஸும் ஃபோடரும் 1963-இல் எழுதிய கட்டுரை முதல், மனிதர், ஆண், மணமாகாதவர் என்று பொருட்கூறுகளாகப் பிரித்துக் காட்ட வகுப்பறைகள் எடுத்துக்கொள்ளும் சொல் அது. தரகரின் அகராதியில் இக்கூறுகளில் ஒன்றுகூடக் கட்டாயமில்லை. மனைவியை ஊரில் விட்டுவந்த கணவர் பேச்சிலர்; அறையைப் பகிர்ந்துகொள்ளும் இரு பெண்கள் ‘லேடி பேச்சிலர்’. உரிமையாளர் ஏற்கும் வகையான குடும்பத்தோடு வராதவர் என்பதே அங்கு அதன் பொருள். கரும்பலகையில் கூட்டல், கழித்தல் குறியிட்டுக் கற்ற மாணவர், மாடிப்படியில் நின்று அதே சொல்லின் இப்பொருளைக் கற்கிறார்.

பின்னர் வீடு காட்டும் படலம். முதலில் இருண்ட அறை, அடுத்து தண்ணீர் வராத அறை, மூன்றாவதாகச் சன்னல் உள்ள அறை. மூன்றாவதன் வாடகை அப்போது நியாயமாகத் தோன்றும். இது எல்லா வணிகத்திலும் உள்ள உத்தி, பெரிய குற்றமும் அன்று. ஆனால் ‘காட்டுதல்’ இங்கு இருமுனையாக நடக்கிறது. தரகர் வீட்டை ஆளுக்குக் காட்டுகிறார். ஆளை உரிமையாளருக்குக் காட்டுகிறார். திரும்பும் வழியில் சொல்வது: “எனக்கு ஒன்றுமில்லை, ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன்.” ஓனரைக் கேட்டால் சொசைட்டி ஒப்பாது என்பார். சொசைட்டியோ தன் விதிகளைக் காட்டும். மறுப்பு முழுவதும் பிறர்கூற்று. தன்மை ஒருமையில் அதைச் சொல்வோர் எவருமில்லை. அகமதாபாதில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை அளித்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் விதி செல்லும் என்று 2005-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கங்களின் விதிப்புத்தகத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் விளம்பர மொழியின் மீது கைவைத்தது உண்மை. கார்ப்பெட் ஏரியா எது என்று வரையறுத்தது. பதிவு எண் இல்லாத விளம்பரத்தைத் தடுத்தது. பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவருக்கு இழப்பீடு கோரும் வழி தந்தது. தரகரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. ஆனால் அச்சட்டம் தரகர் எனக் கொள்வது விற்பனைக்கு இடைநிற்பவரை. வாடகை அறைக்குச் சாவி தூக்கிச் செல்பவர் அந்த வரையறைக்குள் வரவில்லை. சதுர அடியைப் பற்றிய பொய்க்கு இலக்கணம் கிடைத்துவிட்டது. முழுப்பெயர் கேட்கும் கேள்விக்கு இன்னும் இல்லை.

சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. தொலைபேசியிலும் நேரிலும் வாடகை வீடு கேட்ட உயர்சாதி இந்துக்களுக்குக் கிடைத்த வரவேற்பு தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைக்கவில்லை. இணங்கிய சிலரும் கூடுதல் வாடகை போன்ற நிபந்தனைகளோடு இணங்கினர். இத்தகைய ஆய்வுகள் பலரது அனுபவத்தை ஒருசேர எண்ணிப் பார்ப்பதால் மட்டுமே வேறுபாடு புலப்படுகிறது. தனி ஒருவரின் கையில் இருப்பது திரும்பி வராத ஓர் அழைப்பு. அதை எந்த மனுவில் இணைப்பது?

தேடல் ஒருமுறையோடு முடிவதுமில்லை. ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்பதால் ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கே எழுதப்படுகின்றன, ஆய்வுக்காலம் ஐந்தாண்டு. தரகரைச் சுற்றிப் போகும் வழி ஒன்று உண்டு: அறையைக் காலி செய்யும் மூத்த மாணவர், தம் ஊரையோ மொழியையோ சேர்ந்த இளையவரை அதே அறையில் அமர்த்திவிட்டுப் போவது. அங்கு விளம்பரமும் இல்லை, தரகும் இல்லை, கேள்விகளும் குறைவு. ஆனால் அந்த வழி, எப்படியோ முன்னரே ஓர் அறைக்குள் நுழைந்துவிட்டவர்களின் ஊர்க்காரருக்கு மட்டும்.