குவாட்ரண்ட் தேடிப் போன வழி

சேலத்திற்கு மேற்கே, கஞ்சமலைக்கு அப்பால் அமைந்திருக்கும் எங்கள் இளம்பிள்ளையில், விசைத்தறி ஒன்று காலையில் பழுதாகி நின்றால் அன்று பொழுது சாய்வதற்குள் அது மறுபடியும் ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த நியதி. தறி நிற்கும் ஒவ்வொரு நாழிகையும் யாரோ ஒரு குடும்பத்தின் கூலியைக் குறைத்துவிடுகிறது. ஆகையினால்தான், சேலைக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் பாவு ஓட்டுகிறவரும் சாயம் போடுகிறவரும் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியமாக லேத் பட்டறைக்காரரும் இருந்து வருகிறார். தேய்ந்த பல்சக்கரத்தையோ முறிந்த ஷாப்ட்டையோ துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால், அளவு பார்த்து, புதிதாகக் கடைந்து கையில் கொடுத்துவிடுவார். யந்திரம் பழுதாவதும் பழுதானது சீராவதும் இயற்கை என்ற நம்பிக்கையிலேயே வளர்ந்தவன் நான். அப்படிப்பட்ட என்னை, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஓர் உருக்குத் துண்டு மைசூர் வரையில் இழுத்துச் சென்றது.

என் தகப்பனார் ஜவுளி வியாபாரி. 1970களின் நடுவே அவர் வாங்கிய யெஸ்டி மோட்டார் சைக்கிளின் பின்புறத்தில் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக் கடைவீதிக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் போய்வந்த காட்சி என் மனத்தில் இன்றும் பசுமையாக இருக்கிறது. அந்த வண்டியைச் செய்த ஐடியல் ஜாவா ஸ்தாபனம், செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா கம்பெனியின் உரிமத்தைப் பெற்று 1960இல் மைசூரில் தொடங்கப்பெற்றது. முதலில் ஜாவா என்ற பெயரிலேயே வண்டிகளைச் செய்து, 1973 முதல் யெஸ்டி என்று பெயரை மாற்றிக்கொண்டு, கடைசியில் 1996இல் கதவை மூடிற்று. புல்லட் வைத்திருப்பவர்களுக்கு, மூடிப்போன கம்பெனியின் வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலையும் துன்பம் தெரியாது. அவர்களுடைய கம்பெனி இன்றும் திருவொற்றியூர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு உயிரோடிருக்கிறது. பழைய மாதிரிக்கும் ஏதோ ஒரு வகையில் உதிரிபாகம் கிடைத்துவிடுகிறது. ஜாவாவும் 2018இல் மறுபிறவி எடுத்ததென்பது உண்மையே. ஆனால் அப்போது வந்தது 293 சி.சி. கொள்ளளவுள்ள, நீரால் குளிர்விக்கப்படும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். இரட்டைப் புகைக்குழாய்களின் தோற்றத்தைத் தவிர, என் வீட்டு இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கும் அதற்கும் ஒரு நட்டுப்போல்ட்டு உறவுகூடக் கிடையாது.

அந்தப் பழைய வண்டியின் ஒரு விசேஷத்தைச் சொல்லியாக வேண்டும். மற்ற வண்டிகளில் உதைத்துக் கிளப்பும் கிக்கர் ஒன்றும் கியர் மாற்றும் லீவர் ஒன்றுமாகத் தனித்தனியே இருக்க, இதில் இடப்பக்கம் உள்ள ஒரே லீவர் இரண்டு காரியங்களையும் செய்கிறது. அதை எஞ்சினை நோக்கி உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர். உதைத்து எஞ்சின் கிளம்பியபின் கீழே வந்து படிந்துகொண்டால் கியர். உதைக்கும் வலிமையை எஞ்சினுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, உள்ளே மறைந்திருக்கும் விசிறி வடிவமான ஒரு பல்துண்டு. மெக்கானிக்குகள் அதைக் குவாட்ரண்ட் என்பார்கள். ஒவ்வோர் உதையின்போதும் முதற் பல்தான் போய் எதிர்ச் சக்கரத்தில் மோதிக் கவ்வவேண்டியிருப்பதால், காலக்கிரமத்தில் அந்தப் பல் மழுங்கி, அடுத்த பல்லும் மழுங்கி, ஒரு நாள் லீவர் வெறுமனே வழுக்கிக் கீழே இறங்கிவிடுகிறது.

எங்கள் வண்டியிலும் அப்படி நேர்ந்தபோது, சேலத்தில் எனக்குக் கிடைத்தது பளபளப்பான டூப்ளிகேட். மிருதுவான உருக்கில் செய்தது. இரண்டொரு மாதத்திலேயே அதன் பற்கள் நசுங்கிப்போயின. சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டைச் சந்துகளில், பிரித்துப் போட்ட வண்டிகளின் எலும்புக்கூடுகளுக்கிடையே நாளெல்லாம் தேடினேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளிலும் விசாரித்தேன். ஆர்.எக்ஸ். 100க்கு வேண்டியது அங்கே குவியல் குவியலாகக் கிடந்தது. என் வண்டிக்குக் கிளட்ச் பிளேட்டும் பிஸ்டன் ரிங்கும் அகப்பட்டன. குவாட்ரண்ட் மட்டும் அகப்படவில்லை. "மைசூர்ல பழைய கம்பெனி ஆளுங்க இருப்பாங்க சார், அங்க போய்ப் பாருங்க" என்று ஒரு கடைக்காரர் சொன்ன வார்த்தைதான் அந்தப் பிரயாணத்துக்கு விதை.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆயினும், எந்த வண்டிக்காகப் போகிறேனோ அந்த வண்டியையே அங்குள்ளவர்களிடம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை மேலிட்டது. கிக்கர் வேலை செய்யாத வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஆகவே வழிநெடுகச் சரிவான இடம் பார்த்தே நிறுத்தினேன். கஞ்சமலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பும் வேளையில் புறப்பட்டுத் தாரமங்கலத்தை அடைந்து, கெட்டி முதலியார்கள் கட்டிய கைலாசநாதர் கோயிலின் முன் சற்று நின்றேன். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிய, வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியாதபடி சிற்பி அங்கே தூண்களை அளந்து நிறுத்தியிருக்கிறான். கல்லில் ஓர் அங்குலம் பிசகியிருந்தாலும் அந்த அற்புதம் கெட்டிருக்கும் என்று நினைத்தபோது, அளவு என்பதன் மேல் எனக்கிருந்த மரியாதை இன்னும் உயர்ந்தது.

ஜலகண்டாபுரம் வரையில் தறிச் சத்தம் கூடவே வந்தது. பிறகு மேட்டூரில், காவிரியின் குறுக்கே 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற அந்த மகத்தான அணையைக் கண்டு, கொளத்தூர் கடந்து, பாலாற்றுப் பாலத்தில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினேன். அப்பால் மாதேசுவரன் மலைக் காடு. மலைப்பாதையில் சரிவுக்குப் பஞ்சமில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த மாத்திரத்தில் உருட்டிக் கிளம்ப முடிந்தது. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வண்டி சலியாமல் ஏறிய விதத்தைக் கண்டு, இதைச் செய்த கைகள் எப்பேர்ப்பட்டவை என்று மனம் உருகிற்று. கொள்ளேகாலுக்கு அப்புறம் காவிரி மறுபடியும் எதிர்ப்பட்டது. காவிரியும் கபினியும் கூடுகிற திருமக்கூடல் நரசிபுரத்தின் வழியாக மாலையில் மைசூர் சேர்ந்தேன்.

தொழிற்சாலை இருந்த யாதவகிரிப் பக்கம் விசாரித்துக்கொண்டு போய், அங்கே வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரின் சிறிய பட்டறையைக் கண்டுபிடித்தேன். அவர் வண்டியைப் பார்த்தவுடன் லீவரை உள்ளே அழுத்தித் திருப்பி, கையாலேயே மெதுவாக இறக்கிப் பார்த்துவிட்டு, "முதல் மூணு பல் போச்சு" என்றார். எஞ்சினின் இடப்பக்க மூடியைக் கழற்றியபோது அவர் சொன்னபடியே இருந்தது. பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிவைத்திருந்த ஒரு குவாட்ரண்டை எடுத்து என் கையில் வைத்தார். கருநீலம் பாய்ந்த நிறம். ஒவ்வொரு பல்லின் முனையும் சிறிதளவு சாய்த்து மழுக்கப்பட்டிருந்தது. கவ்வும்போது நேருக்கு நேர் மோதாமல் வழுக்கி நுழைவதற்காகவே அந்தச் சாய்வு என்பதை அவரே விளக்கினார். டூப்ளிகேட்டில் நான் காணாதது அதுதான். ஓர் அரத்தை எடுத்து அதன்மேல் இழுத்துக் காட்டினார். அரம் கடிக்காமல் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

விலை கேட்டேன். "இதைக் கொடுக்க மாட்டேன் சார். இது ஒண்ணுதான் இருக்கு. இதைக் கொடுத்தா உங்க ஒரு வண்டி ஓடும், அவ்வளவுதான். எடுத்துட்டுப் போங்க, இதே மாதிரி செய்யுங்க, செஞ்சதும் திருப்பி அனுப்பிடுங்க" என்றார். முன்பின் அறியாத ஒருவனை நம்பி, தம்மிடமிருந்த ஒரே மாதிரியை அந்தப் பெரியவர் இரவலாகக் கொடுத்தார். எத்தனையோ பிரயாணங்களில் எத்தனையோ மனிதர்களின் உபசாரத்தைப் பெற்றிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும், தறிச் சக்கரங்கள் கடையும் எங்கள் பட்டறைக்கார அண்ணனிடம் அதை ஒப்படைத்தேன். அவர் அதை நெடுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெர்னியரால் அளந்து பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். "பல்லு வெட்டறது பெரிசில்லீங்க தம்பி, பதம் போடறதுலதான் எல்லாம் இருக்கு" என்றார். முழுவதும் மிருதுவாக இருந்தால் பல் நசுங்கும். முழுவதும் கடினமாக இருந்தால் உதையைத் தாங்காமல் ஒடியும். மேல்தோல் மட்டும் கடினமாகவும் உள்ளே நெகிழ்ச்சியாகவும் இருக்க வேண்டும். அதற்காகக் கரி கலந்த சூழலில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்து, கரிச்சத்தை மேற்பரப்பில் ஊறச்செய்து, பின் எண்ணெயில் குளிர்விக்கிறார்கள். அண்ணன் பல் வெட்டிய துண்டுகளை அந்தக் காரியத்துக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலையை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, அதன் அடிவாரத்திலேயே உருக்காலையும் இருக்கக் கண்டு வாழ்கிற எங்களுக்கு, உருக்கின் அருமை அந்தச் சிறு துண்டில்தான் முழுமையாகப் புலப்பட்டது. ஒன்றுக்கு எடுக்கும் அளவே பத்துக்கும் போதும் என்று அண்ணன் கூடுதலாகவே செய்திருந்தார். திரும்பி வந்த துண்டுகளின்மேல் அவரும் அரத்தை இழுத்துப் பார்த்தார். வழுக்கிற்று.

மைசூர்ப் பெரியவருடைய மாதிரியை, புதிதாகச் செய்தவற்றில் இரண்டையும் சேர்த்து, பத்திரமாக அனுப்பிவைத்தேன். மிச்சமிருந்தவற்றை நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இதே வண்டியை வைத்திருக்கிற நண்பர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஜாவா தினமாகக் கொண்டாடுகிறவர்கள் பல ஊர்களில் கூடி வண்டிகளை அலங்கரித்து ஊர்வலம் போகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வண்டிகள் இன்னும் ஒரு தலைமுறை ஓட வேண்டுமானால், ஊர்வலத்தைக் காட்டிலும் அளவுக் குறிப்பே முக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம். தொழிற்சாலை மூடியபின் அதன் அறிவு சில முதியவர்களின் தகரப் பெட்டிகளிலும் விரல்களிலும் தங்கியிருக்கிறது. அவர்கள் காலத்திலேயே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சேலம், நாமக்கல் வட்டாரத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகை மூலையிலோ ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் போன்ற பழைய வண்டிகளின் உறுப்புகள் கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த இரும்பு காயலான் கடையில் சில நூறு ரூபாய்க்குத்தான் போகும். உங்கள் ஊர் மெக்கானிக்கிடமோ லேத் பட்டறைக்காரரிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் அதை அளந்து குறித்துக்கொள்ளட்டும்.