"சத்தம் கேட்டுச்சுங்களா சார்?"

என் காரின் எஞ்சினுக்குள் டைமிங் செயின் தேய்ந்துவிட்டது என்று தெரிந்தும் அதை மறைத்து இன்னொருவருக்கு விற்றேன். விற்ற பிறகு அவர் நேராகக் கேட்டபோதும் பொய் சொன்னேன். நான் பொருளாதாரப் பேராசிரியர். பழைய கார் விற்பவன் வாங்குபவனை எப்படி ஏமாற்ற முடிகிறது என்பதை விளக்கும் ஒரு கட்டுரையைக் கோவையில் ஒரு கல்லூரியில் வருடந்தோறும் பாடமாக நடத்தியவன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

கார் ஒரு ஜெர்மன் சொகுசு செடான். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை, நான் சொல்லப்போகும் தவறு அவர்களுடையது அல்ல. டெல்லிப் பதிவு எண் கொண்ட டீசல் வண்டி. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதிலிருந்து எட்டு, ஒன்பது வயதான டீசல் கார்கள் அங்கே அடிமாட்டு விலைக்குப் போயின. அவற்றை வாங்கி, தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) எடுத்து, தெற்கே கொண்டுவந்து, இங்கே சாலை வரி கட்டிப் பதிவை மாற்றி ஓட்டுகிறவர்கள் ஏராளம். நானும் அப்படித்தான் வாங்கினேன். விலை குறைந்ததற்குக் காரணம் நீதிமன்ற உத்தரவு, வண்டியின் தரம் அல்ல என்று எனக்கு நானே ஒரு வகுப்பு நடத்திக்கொண்டேன். சர்வீஸ் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருந்ததைப் பார்த்தும் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் காரில் கல்லூரி வாசலில் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை கேள்விகளைவிடப் பெரிதாக இருந்தது.

வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருந்தது. அதைச் சரிசெய்து வாளையாறு தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது டர்போவிலிருந்து காற்று போகும் ஹோஸ் கிழிந்து, வண்டி வேகமெடுக்காத லிம்ப் மோடுக்குப் போய், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. பிறகு இன்ஜெக்டர், தெர்மோஸ்டாட். ஒவ்வொரு முறையும் பில் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியது. ஒவ்வொரு முறையும் 'இதோடு முடிந்தது' என்று கட்டினேன். போட்ட பணம் போனதுதான், அடுத்த முடிவை அதை வைத்து எடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பிறகுதான் அந்தச் சத்தம். காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஓரிரு நொடிகள், தகரப் பெட்டிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல் கேட்கும். உடனே அடங்கிவிடும். நாள் முழுக்க வேறு ஒன்றும் இருக்காது.

எங்கள் பகுதியில் ஜெர்மன் வண்டிகளின் நாடி பிடிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சிறிய ஒர்க்‌ஷாப், வாசலில் எப்போதும் பானட் திறந்த வண்டிகள். ஒருநாள் காலை நான் கிளப்புவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, பானட்மேல் காதை வைத்துக் கேட்டார். ஸ்கேனரைப் போட்டார். பி0016 என்று வந்தது. கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் இடமும் கேம் ஷாஃப்ட் இருக்கும் இடமும் ஒத்துப்போகவில்லை என்பதற்கான குறியீடு அது.

எஞ்சினில் பிஸ்டன்களை ஏற்றி இறக்குவது கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடுவது கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு தவறாமல் இரண்டையும் கட்டி வைத்திருப்பதுதான் டைமிங் செயின். அது தளராமல் இருக்க ஒரு டென்ஷனர், அது உரசி ஓட பிளாஸ்டிக் கைடுகள். டென்ஷனர் வேலை செய்வது எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தில். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடும். காலையில் கிளப்பி அழுத்தம் ஏறும்வரை, தேய்ந்து நீண்டுபோன செயின் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். செயின் பற்களில் ஒன்றிரண்டு தாவினாலோ அறுந்தாலோ, மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் போய் மோதும். அதோடு எஞ்சின் போயிற்று.

ஏன் தேய்ந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பாவில் சில நிறுவனங்கள் 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கின்றன. நம் ஊர் நெரிசலில், தூசியில், நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது. ஆயில் கெட்டுப்போய்க் கருஞ்சேறாகி, டென்ஷனருக்குப் போகும் மெல்லிய துவாரங்களை அடைத்துவிடும். டெல்லியில் முதல் உரிமையாளர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நானும் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன் என்பது தெரியும். மற்ற பில்களுக்குப் பணம் போய்க்கொண்டிருந்ததால் அதை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன்.

"செயின் விலை பெருசில்லீங்க சார். இந்த வண்டிக்கு அது கியர்பாக்ஸ் பக்கம் இருக்குதுங்க. அதைத் தொடணும்னா கியர்பாக்ஸை இறக்கோணும், எஞ்சினையும் இறக்க வேண்டி வரலாம்" என்றார். இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குச் சொன்னார். "அதுவரைக்கும் ஓட்டாதீங்க. யாருக்காச்சும் குடுக்கறதுன்னாலும் சொல்லிட்டுக் குடுங்க."

அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழவில்லை என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாக விழுந்தது. அன்று இரவே வண்டியை விற்பது என்று முடிவெடுத்தேன்.

அதன் பிறகு நான் செய்தவை ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தவை. நிறுவனம் சொன்ன 5டபிள்யூ-30 ஆயிலை வடித்துவிட்டு, வேறொரு இடத்தில் கட்டியான 20டபிள்யூ-50 ஊற்றச் சொன்னேன், சத்தம் கொஞ்சம் அமுங்கட்டும் என்று. ஆன்லைனில் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி, செல்போனோடு இணைத்து, பி0016-ஐ அழித்தேன். விளக்கு அணைந்தது. இப்படி அழித்தால் வண்டியின் சுயபரிசோதனைகளும் முடிவடையாதவை என்று மாறிவிடும், விவரம் தெரிந்தவர் ஸ்கேன் செய்தால் யாரோ அழித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் முதலில் விசாரித்த ஒருவர் "மெக்கானிக்கோட வரேன்" என்றபோது, வண்டி பேசி முடிந்துவிட்டது என்று சொல்லித் தவிர்த்தேன். கடைசியாக, வாங்க வருகிறவர் வருவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி வைத்தேன். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் வராது.

வந்தவர் இளைஞர். அப்பாவோடு சேர்ந்து ஒரு சிறிய வியாபாரம் நடத்துகிறார். திருமணம் நிச்சயமாகியிருந்தது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இருக்கையின் தோலைத் தடவிப் பார்த்துவிட்டு, "எஞ்சின்ல ஏதாச்சும் செலவு இருக்குங்களா சார்?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் பார்த்தாச்சு" என்றேன். கையிலிருந்த பழைய பில்களையெல்லாம் காட்டினேன். அவை உண்மையான பில்கள். இவ்வளவு செலவு செய்தவர் எதையும் விட்டுவைத்திருக்க மாட்டார் என்று அவை அவரை நம்பவைத்தன. வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமா என்று அவர் தயங்கியபோது அவருடைய அப்பாதான், "காலேஜ் வாத்தியார் வண்டிடா. தைரியமா எடு" என்றார்.

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையைத்தான் நான் பாடம் நடத்திவந்தேன். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவதில் வெளியாகி, 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான கட்டுரை. பழைய கார் சந்தைதான் அதன் உதாரணம். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று பிரித்தறிய முடியாததால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான். நல்லவை விலக விலகச் சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். இதற்கு மாற்றாக உத்தரவாதம், பெயர், உரிமம், பட்டம் போன்றவை வேலை செய்கின்றன என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த அப்பா என் தொழிலை அப்படியொரு உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார். அது நான் சம்பாதித்ததுகூட அல்ல. எனக்கு முன்னால் எத்தனையோ ஆசிரியர்கள் நேர்மையாக நடந்து சேர்த்து வைத்த மதிப்பு. அதைக் காட்டி நான் பணம் வாங்கினேன்.

அதே கட்டுரையில் இந்தியக் கடைத்தெருவில் அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்படும் கற்களைப் பற்றி ஒரு இடம் வரும். அதே நிறம், அதே வடிவம். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருக்கிறது என்கிறார். அந்த இடம் வந்ததும் வகுப்பு கலகலக்கும். அம்மா முறத்தில் கல் பொறுக்கியதைப் பிள்ளைகள் சொல்வார்கள். ஏமாற்றின் இழப்பு ஏமாந்தவனோடு நிற்பதில்லை, நேர்மையான வியாபாரியையும் சந்தையிலிருந்து துரத்திவிடுகிறது என்று அகெர்லாஃப் அங்கே சொல்வதை நான் கரும்பலகையில் எழுதிக் கோடிடுவேன்.

செயின் அறுந்தது பெருந்துறை தாண்டி, சேலம் போகும் வழியில். குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். வேகம் குறைவாக இருந்ததால் யாருக்கும் காயமில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்தச் சாலையில், பின்னால் லாரி வரும் நேரத்தில், எஞ்சின் சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்று விற்கும்போது நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. பணத்தை மட்டுமே நினைத்தேன்.

மறுநாள் அந்தத் தம்பி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "எஞ்சின் போயிருச்சுங்க சார். உங்ககிட்ட இருக்கறப்ப காலையில கிளப்பும்போது ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். நான் ஒப்புக்கொள்வதற்கு அவராகவே கதவைத் திறந்து வைத்ததுபோல் அது இருந்தது. "இல்லையே தம்பி" என்றேன்.

வண்டியை இழுத்துப்போய் விட்ட இடம் அதே மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப். அந்தப் பக்கத்தில் அந்த வண்டியைத் தொடக்கூடியவர் அவர்தான். வண்டியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும். மாலையில் என்னைக் கூப்பிட்டார். "வண்டி வந்திருக்குதுங்க சார். நான் அவங்ககிட்ட எதுவும் சொல்லலீங்க" என்றார். அவருடைய மகன் எங்கள் கல்லூரியில் படித்தவன். என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டார். சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்று அன்றைக்கே சொன்ன மனிதரை, என் பொய்க்குக் காவல் நிற்க வைத்துவிட்டேன்.

உடனே போகவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் போனேன். அந்த நாட்களில் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்குபவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்ற பழைய விதி என்னைக் காப்பாற்றுமா என்று தேடினேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. சும்மா இருந்துவிடுவது வேறு. நான் ஆயிலை மாற்றினேன், குறியீட்டை அழித்தேன், எஞ்சினைச் சூடாக்கினேன். என்னை அந்த வீட்டுக்கு நடக்க வைத்தது முதலில் அந்தப் பயம்தான். மனசாட்சி என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது உண்மையாகாது.

அவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் யாரும் பேசவில்லை. டெல்லி மாயாபுரியிலிருந்து ஒரு பழைய எஞ்சின் வரவழைத்து மாற்ற ஐந்தரை லட்சம் ஆகும் என்றார்கள். முழுவதையும் கொடுத்தேன், நகைக் கடன் வாங்கி. தம்பி எழுந்து உள்ளே போய்விட்டார். வாசல்வரை வந்த அவர் அப்பா, "பணம் சரியாப் போச்சுங்க. பையன்கூட இனிமே பேச வேண்டாங்க" என்றார். நான் பேசவில்லை. மன்னிப்பு வேண்டும் என்று அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு உரிமை கிடையாது.

ஆனால் அன்று அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். இது மெக்கானிக்குக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன், பொய் சொல்ல வேண்டாம் என்ற அவசரத்தில். அவர் எனக்குச் சொன்ன அறிவுரையைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த மாதம் அவர்கள் தங்கள் டெலிவரி வண்டிகளை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். விற்றவரும் மெக்கானிக்கும் கூட்டு என்று பேச்சு பரவிவிட்டது. அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் இப்போது வண்டிகள் குறைவு. நான் போய்ப் பணம் நீட்டியபோது, "இதுக்கெல்லாம் எதுக்குங்க சார் பணம்" என்று தள்ளிவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை, பிரித்துப் படித்தார்களா என்றும் தெரியாது.

அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது யாரைப் பற்றியது என்று பெயர் சொல்லாமலே தெரியும். அவருக்கு இதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. வண்டி விற்கப்பட்டது அது உடைந்து வந்து நின்றபோதுதான் அவருக்குத் தெரியும். செயின் போய்விட்டது, ஓட்டாதீர்கள், யாருக்காவது கொடுத்தால் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்று அவர் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். நான்தான் சொல்லவில்லை.