திரும்பி வரும் டிக்கட்

உலகத்தை ஒருமுறை சுற்றி வருவதற்கென்றே ஒரு விமான டிக்கட் விற்கிறார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், சகோதரிகளே? என் ராத்தாவின் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் டிக்கட் போடும் ஓர் ஏஜென்சியில் அவள் வேலை செய்கிறாள். ராத்தாவைத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கிளினிக் கூட்டிப் போகும் நாட்களில் நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் போவோம். இலக்கம் கூப்பிடும் வரை காத்திருக்கும் நேரத்தில் தன் வேலையைப் பற்றி அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்போம். நோயைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்கு அது ஒரு வழி.

பல விமானக் கம்பனிகள் கூட்டுச் சேர்ந்து இந்த டிக்கட்டை விற்கின்றனவாம். நமது ஸ்ரீலங்கன் விமான சேவையும் 2014ஆம் ஆண்டு அப்படியொரு கூட்டணியில் சேர்ந்தது. சாதாரண வகுப்பிலும் எடுக்கலாம், முதல் வகுப்பிலும் எடுக்கலாம். புறப்படும் நாட்டைப் பொறுத்து விலை மாறும். ஆனால் அதற்குச் சில சட்டங்கள் உண்டு. கிழக்கே புறப்பட்டால் கிழக்கு நோக்கியே போக வேண்டும், மேற்கே என்றால் மேற்கே. அத்திலாந்திக் கடலை ஒரு முறை, பசிபிக் கடலை ஒரு முறை தாண்ட வேண்டும். ஒரு கூட்டணியின் டிக்கட்டில் 16 பறப்புகள் வரை போகலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். கடைசிச் சட்டம், எந்த நாட்டிலிருந்து புறப்பட்டீர்களோ அந்த நாட்டுக்கே திரும்பி வந்து சேர வேண்டும்.

மற்றச் சட்டங்களையெல்லாம் அன்று மாலையே மறந்துவிட்டேன். அந்தக் கடைசிச் சட்டம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் வகுப்பில் அப்படி என்னதான் இருக்கிறது? கதவு பூட்டிக்கொள்ளக்கூடிய சிறு அறை. ஆசனத்தை நீட்டினால் கட்டில். விரித்துத் தர ஆள். நினைத்த நேரத்தில் சாப்பாடு. முஸ்லிம் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஹலாலாகவும் கிடைக்கும். எமிரேட்ஸ் கம்பனியின் மாடி வைத்த பெரிய விமானத்தில் 2008ஆம் ஆண்டிலிருந்து குளிக்கும் அறையும் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு ஐந்து நிமிடத் தண்ணீர்தான்.

இதைக் கேட்டு ராத்தா சிரித்தார். "ஐஞ்சு நிமிசமோ? புத்தளத்தில எங்களுக்கு ஐஞ்சு வாளி கிடைச்சா அதுவே பெருநாள்!" என்றார். முகாமில் கிணற்றடியில் வரிசையில் நின்ற காலம் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சிலும் இப்படித்தான் தலைகாட்டும்.

அமெரிக்காவில் ஸ்டீவன் ரோத்ஸ்டீன் என்று ஒருவர் 1987இல் 250,000 டாலர் கட்டி, ஆயுள் முழுவதும் முதல் வகுப்பில் எங்கும் பறக்கலாம் என்ற டிக்கட்டை வாங்கினாராம். 10,000 தடவைக்கு மேல் பறந்தும் விட்டார். 2008இல் கம்பனி அதை ரத்துச் செய்தது. விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. ஆயுள் டிக்கட்டும் ஆயுள் வரை வரவில்லை, பாருங்கள்.

முதல் வகுப்பு என்ற பேச்சு விமானத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 1947 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் பான் ஆம் கம்பனி நியூயார்க்கிலிருந்து உலகைச் சுற்றும் சேவையைத் தொடங்கியபோது விமானத்தில் ஏறுவதே பணக்காரரின் காரியம். அத்திலாந்திக் கடலுக்கு மேலே மலிவான சுற்றுலா வகுப்பு வந்தது 1952இல்தான். பின்னால் இன்னொரு வகுப்பு வந்த பிறகுதானே முன்னால் இருப்பதை முதல் வகுப்பு என்று பிரித்துச் சொல்லும் தேவை வருகிறது!

அதே 1947இல்தான் நமது நாட்டின் விமான சேவையும் பிறந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, மதராசுக்குப் போனது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இந்தப் பலாலி விமான நிலையத்தைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் அமைத்த ஓடுபாதை அது. அந்த விமானத்தின் பெயர் சீதாதேவி. கூடப் பிறந்தவை போல விகாரமகாதேவி, சுனேத்ராதேவி என்று இன்னும் இரண்டு. நாட்டின் முதல் மூன்று விமானங்களுக்கும் பெண்களின் பெயர்! சீமையிலிருந்து வந்த இயந்திரங்களுக்கு நம்மவர்கள் வைத்த பெயரைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

எங்கள் வாப்பா பெரிய கடையில் துணி வியாபாரம் செய்தவர். ஏர் சிலோன் காலத்தில் ஒரேயொரு முறை பலாலியிலிருந்து மதராசுக்குப் பறந்தார். அந்த ஒரு பயணத்தைப் பற்றி மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். சுபஹு தொழுதுவிட்டு வீட்டில் புறப்பட்டாராம். லுஹருக்கு மண்ணடிப் பள்ளியில் நின்றாராம். "மேலயிருந்து பார்த்தா எங்கட ஊர் ஒரு பாய் விரிச்ச மாதிரி இருக்கும்" என்பார். அவருக்கு எந்த வகுப்பு ஆசனம் கிடைத்தது என்று நாங்கள் கேட்டதில்லை. மூன்றாம் நாள் எங்களுக்கு உடுப்புத் துணியோடு வீடு வந்து சேர்ந்தார் என்பதுதான் அந்தக் கதையின் முடிவு.

பிறகு யுத்தம் வந்தது. 1990 ஜூனில் சண்டை மூண்டு பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, தெல்லிப்பழைப் பக்கத்து ஆட்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். விமான நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரையும் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. ராத்தாவின் இடுப்பில் மூன்று வயது மகன். வாப்பா கடைத் திறப்பை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லொறியிலும் கால்நடையாகவும் வவுனியா வந்து, அங்கிருந்து புத்தளம் போய்ச் சேர்ந்தோம். திரும்பி வர நாள் குறித்துத் தராமல் அனுப்பப்பட்ட பயணம் அது. வாப்பாவின் கபுறு புத்தளத்தில்தான் இருக்கிறது. திறப்பை ராத்தா வைத்திருக்கிறார்.

ஒருநாள் கிளினிக்கில் எங்கள் வாங்கிலேயே மயிலிட்டி அம்மா ஒருவர் இருந்தார். சென்னையிலிருந்து வரும் விமானம் தாழப் பறந்து பலாலிப் பக்கம் இறங்கியது. நாங்கள் மூவரும் நிமிர்ந்து பார்த்தோம். அவரும் பார்த்தார்.

"அந்தா, அது இறங்கிற இடத்துக்குக் கிட்டத்தான் எங்கட காணி, தங்கச்சி. முந்தி பிளேன் வரேக்க ஓடெல்லாம் கிடுகிடுக்கும் எண்டு ஏசுவம். இப்ப அந்தச் சத்தம் கேட்டால், காணி அங்கதான் கிடக்குது எண்டு ஒரு ஆறுதல்."

"எப்ப வெளிக்கிட்டனீங்கள்?" என்று ராத்தா கேட்டார்.

"தொண்ணூறு ஆனி. நீங்கள்?"

"தொண்ணூறு ஐப்பசி."

அவ்வளவுதான் பேசினார்கள். அந்த அம்மா தன் போத்தலில் இருந்த தேநீரில் பாதியை மூடியில் ஊற்றி ராத்தாவிடம் நீட்டினார். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல் விடுவிக்கப்பட்டது. அவருடைய காணி அதற்கு அப்பால். இன்னும் கிடைக்கவில்லை என்றார்.

அந்த ஆஸ்பத்திரியே நடந்து வந்த காசில் எழும்பியதுதான். 2011இல் தென்கோடியில் தெவுந்தர முனையிலிருந்து வடகோடியில் பருத்தித்துறை வரை 27 நாட்கள் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக நடந்து பணம் சேர்த்தார்கள். 2013இல் வைத்தியசாலை திறக்கப்பட்டது. உலகத்தைச் சுற்றுகிறவரின் டிக்கட்டைவிட, இந்த நாட்டை நீளவாக்கில் நடந்தவர்களின் செருப்புத் தேய்மானம் எங்கள் ராத்தாவுக்கு உபகாரமாயிற்று. அல்ஹம்துலில்லாஹ்.

உலகம் சுற்றியவர் என்றதும் இப்னு பதூதாவை நினைக்காமல் இருக்க முடியுமா? 1325இல் தஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு 21 வயது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த அவருடைய கப்பல் கரை சேர்ந்தது நாங்கள் அகதியாகப் போய் இறங்கிய அதே புத்தளத்தில்தான். யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அங்கே இருந்தார். மொழியும் மார்க்கமும் வேறான விருந்தாளிக்கு முத்துக்களைக் கொடுத்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஆதம் நபியின் பாத மலையைக் காண வேண்டும் என்றதும் பல்லக்கும், அதைச் சுமக்க ஆட்களும், வழித்துணைக்கு யோகிகளும் பிராமணர்களும், உணவு மூட்டை சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார். அந்தக் காலத்து முதல் வகுப்பு என்றால் அதுதான்!

அவ்வளவு மரியாதையோடு உலகைச் சுற்றியவர் 1349இல் சொந்த நாடு திரும்பினார். ஊரை நெருங்கும்போதுதான் தாயார் கொள்ளைநோயில் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. தாய்மாராகிய நமக்கு அவருடைய பல்லக்கைவிட இந்த இடம்தான் நெஞ்சில் தைக்கிறது.

இனி ராத்தாவின் கதைக்கு வருகிறேன். இடுப்பில் சுமந்து போன அந்த மகன் இப்போது டொரொண்டோவில் நல்ல உத்தியோகம். உம்மாவின் வருத்தத்தைக் கேட்டதிலிருந்து அவனுக்கு நிம்மதியில்லை. "உம்மா, இங்க வாங்கோ. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம். ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுக்கிறன்" என்று போனில் கெஞ்சினான். எத்தனை மாதச் சம்பளமோ! பிள்ளையின் பாசம் அதில் தெரிந்தது.

ராத்தா கேட்ட கேள்வி ஒன்றுதான். "வாறதுக்கு எடுக்கிறாய் மகன். திரும்பிப் போறதுக்கும் எடுத்திருக்கிறியா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. அவன் எடுக்க நினைத்திருக்கவில்லை. உம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தான். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ராத்தாவுக்கு 2011இல்தான் சொந்த ஊர் திரும்பக் கிடைத்தது. கூரையில்லாத வீட்டில் இரண்டு அறைகளைச் சரிசெய்து குடியேறினோம். இன்னொரு முறை திரும்பும் தேதி இல்லாமல் அவரால் படியிறங்க முடியாது.

அதற்கிடையில் சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம் என்று தீர்மானமாயிற்று. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, கொரோனாவால் 2020இல் சேவை நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் சென்னை விமானம் வரத் தொடங்கியிருந்தது. யுத்த காலத்தில் அங்கிருந்து பறப்பது உயிரைக் கையில் பிடிக்கும் காரியம். 1998 செப்டம்பர் 29இல் பலாலியில் ஏறிய 55 பேர் மன்னார்க் கடலில் விமானத்தோடு வீழ்ந்து போனார்கள். அந்த நினைவு இருந்தும் ராத்தா பயப்படவில்லை. "வாப்பா போன வழிதானே" என்றார்.

எழுபது பேர் சொச்சம் ஏறும் சிறிய காற்றாடி விமானம். எல்லா ஆசனமும் ஒரே மாதிரி. முன்னால் திரை போட்ட வகுப்பு எதுவும் கிடையாது. மகள் அவருக்கு ஜன்னலோரம் கேட்டு வாங்கியிருந்தாள். விமானம் எழும்பியதும் ராத்தா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். செம்மண் தோட்டம், பனைகள், இடிந்த சுவர்கள், பிறகு கடல். "பாய் விரிச்ச மாதிரித்தான்" என்று ஒரு தடவை சொன்னார். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஒன்பதாம் நாள் அதே வழியாகத் திரும்பினோம். பலாலியில் இறங்கி அதிகாரி கடவுச்சீட்டில் முத்திரை குத்தியபோது, அதை விரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஊருக்குத் திரும்பி வந்ததற்கு அவர் கையில் கிடைத்த முதல் எழுத்துச் சாட்சி அதுதான்.

ஹஜ்ஜுக்குப் போகிற விமானத்தில் மீக்காத் எல்லை வருகிறது என்று அறிவிக்கும்போது, முன் ஆசனத்து ஆணும் கடைசி வரிசை ஆணும் அதே இரண்டு தைக்காத துணியில்தான் இருக்கிறார்கள். அங்கே வகுப்பு தானாகவே கழன்றுவிடுகிறது. வசதியோடு பிரயாணம் செய்வது தப்பில்லை. வருத்தக்காரருக்கும் வயோதிபருக்கும் கால் நீட்ட இடம் கிடைப்பது அல்லாஹ்வின் நிஃமத். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அதைச் செய்து கொடுத்தால் அல்லாஹ் அவர்களுக்கு பரகத் செய்வானாக. ஆனால் டிக்கட் எடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எப்போது திரும்ப விரும்புகிறீர்கள் என்று. அந்தத் தேதியையும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கள். தேதியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தேதியே இல்லாமல் அனுப்புவதுதான் அவர்களைக் கலங்க வைக்கிறது.

நாம் ஓதும் பிரயாண துஆவிலேயே திரும்பி வருவதைப் பற்றிய வேண்டுதல் இருக்கிறது. குடும்பத்திடம் திரும்பும்போது மனம் நோகும் காட்சியைக் காணாமல் இருக்கப் பாதுகாப்புத் தேடுகிறோம். வீடு நோக்கி வருகையில், திரும்பி வருகிறோம் என்ற சொல்லைக் கூட்டி ஓதுகிறோம். எந்த ஆசனத்தில் இருந்து ஓத வேண்டும் என்று அதில் இல்லை.

ராத்தா வரும் சித்திரையில் மகனிடம் போகிறார், இன்ஷா அல்லாஹ். எந்த வகுப்பு என்பதை மகனின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். திரும்பும் தேதியை மட்டும் தானே சொல்லி, மகள் அதை டிக்கட்டில் அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். அவருக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள்.