முறுக்கும் சாக்லேட்டும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையிலேயே சிலிபின் வட்டாரத்து வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறிவிடும். பிற்பகல் மழை ஓய்ந்தபின் அத்தெருக்களில் நடப்போர், எந்த வீட்டில் முறுக்கு, எந்த வீட்டில் அதிரசம் என்பதை மூக்காலேயே அறிந்துகொள்ளலாம். பக்கத்துப் புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஒரு குடியிருப்பு உண்டு. கடலையும் முறுக்கும் அங்குப் பல குடும்பங்களின் பிழைப்பு. அண்டை அயலாருக்கென வீட்டில் சுடும் முறுக்கோ வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு விலையும் இல்லை, கணக்கும் இல்லை.

அத்தகைய வீடொன்றில் எண்பதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். ரப்பர் அழிக்கப்பட்டுத் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது, குடும்பம் மூட்டை முடிச்சுகளுடன் சிலிபினுக்கு வந்து சேர்ந்தது. லயத்து வீட்டுச் சாமான்களில் இன்று எஞ்சியிருப்பது மரத்தாலான முறுக்கு உரல் ஒன்றே.

அவருடைய முறுக்குக்கு நான்கு பங்கு பச்சரிசி மாவு, ஒரு பங்கு வறுத்தரைத்த உளுத்தம் மாவு. எள், ஓமம், உப்பு, சிறிது வெண்ணெய் சேர்த்து, தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப் பாலை இளஞ்சூடாக ஊற்றிப் பிசைவார். முதல் ஈடு சாமிக்கு. அதுவரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதன்பின் தட்டுகள் புறப்படும். எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கு ஒன்று, பக்கத்துச் சீனத்து அம்மாவுக்கு ஒன்று. லூர்து மாதா கோயிலுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பத்துக்கு ஒன்று. அவர்கள் கிறிஸ்துமசுக்கு இதே முறுக்கைச் சுட்டு அனுப்புவார்கள். வந்த தட்டு வெறுமையாய்த் திரும்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையேனும் அதில் இருக்கும்.

இந்த ஒழுங்கில் சாக்லேட்டைக் கொண்டு வந்தவள் பேத்தி. தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் இருந்தவள், ஆட்குறைப்பில் வேலை இழந்து வீட்டில் இருந்தாள். அமெரிக்காவில் பிரெட்சல் என்னும் தின்பண்டத்தைச் சாக்லேட்டில் தோய்த்துக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பார்கள் என்று தோழி ஒருத்தி சொல்லக் கேட்டிருந்தாள். பிரெட்சல் ஜெர்மானியர் கோதுமை மாவில் செய்வது. காரநீரில் முக்கிச் சுடுவதால் அதன் மேல்தோல் செம்பழுப்பாகப் பளபளக்கும். கையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அப்பெயருக்கு மூலம். பின்னிய இரு கைகளைப் போன்ற வடிவம் அதற்கு. முறுக்குவதால் நம்முடையது முறுக்கு. இரண்டுக்கும் உருவமே பெயர் தந்திருக்கிறது.

"பாட்டி, நம்ம முறுக்கையே பாதி சாக்லேட்டுல தோய்ச்சுப் பெட்டி போட்டு வித்தா என்ன?"

"தீபாவளிப் பலகாரத்தக் காசுக்கு விக்கிறதாம்மா?" என்றார் கிழவி. அதற்குமேல் இரண்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேத்தி தானே முயன்றாள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்கினாள். ஆவி பட்டு இரண்டு சொட்டு நீர் உள்ளே விழுந்தது. வழுவழுவென்றிருந்த குழம்பு நொடியில் மணல்போல் திரண்டு கட்டியாயிற்று. சாக்லேட் கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்கள், சிறிதளவு ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். எட்டிப் பார்த்த பாட்டி, "ஊறுகாய் ஜாடில ஈரக் கரண்டி போடுவியா? இதுவும் அப்படித்தான் போல" என்றார். பிடிக்காத வேலையிலும் பிழை எங்கே என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் முறை வேறு தொல்லை. கொக்கோக் கொழுப்பே உள்ள நல்ல சாக்லேட்டை 45 பாகைவரை உருக்கி, 28 பாகைக்கு ஆற்றி, மறுபடி 31, 32 பாகைக்குச் சூடேற்றினால்தான் அது பளபளப்பாய் இறுகும். ஈப்போவின் வெக்கையில் அடுப்படியே அந்தச் சூட்டில் இருக்கும்போது, அவ்வளவு நுட்பம் எளிதன்று. மறுநாள் முறுக்கின்மேல் சாம்பல் பூத்திருந்தது. பனிப்பெட்டியில் வைத்தவையோ வெளியே எடுத்ததும் வியர்த்து, உள்ளிருந்த முறுக்கும் நமத்துப்போயிற்று.

கடைசியில், தாவரக் கொழுப்புச் சேர்ந்த மலிவான சாக்லேட்டைக் கேக் சாமான் கடையில் வாங்கினாள். ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே எடுத்தாள். எதிர்வீட்டாருக்கும் தர வேண்டுமே. நாவில் உருகும் சுவையில் அது ஒரு படி தாழ்ந்ததே. ஆனால், பக்குவப்படுத்தும் தொல்லை இல்லாமல் தானே இறுகும். அந்தக் கொழுப்பு பெரும்பாலும் செம்பனைப் பருப்பிலிருந்து எடுப்பது. பாட்டியின் பால்மரங்களை அகற்றிய அதே செம்பனை, டப்பாவுக்குள் அடங்கி அவர் அடுப்படிக்கு வந்திருந்தது. கொக்கோவுக்கும் இந்நாட்டில் ஒரு கதை உண்டு. கீழ்ப்பேராக்கில் தென்னைக்கு ஊடே அதை நட்டார்கள். 1989இல் கொக்கோவுக்கென வாரியமே அமைந்தது. 1990இல் விளைச்சல் ஏறத்தாழ 2,47,000 டன்னைத் தொட்டது. பிறகு விலை வீழ்ச்சியாலும் பூச்சியாலும் அது சரிந்து, இன்று ஆலைகள் வெளிநாட்டுக் கொட்டையை அரைக்கின்றன.

முறை படிந்த பின்னும் ஓர் இடையூறு எஞ்சியது. ஓமம் சாக்லேட்டோடு சண்டையிட்டது. அதை நீக்கி, எள்ளைக் கூட்டி, உப்பைச் சற்றுத் தூக்கலாகப் போடச் சொன்னவர் பாட்டிதான். சுட்ட முறுக்கை உடனே தோய்க்காமல், எண்ணெய் வடிந்து நன்றாக ஆறும்வரை தாளில் பரப்பிவைக்கச் சொன்னவரும் அவரே. விற்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

உண்மை வேறொரு நாள் வெளிப்பட்டது. மாவு நிறைந்த உரலை அழுத்தப் போனவரின் கை பாதியில் நின்றுவிட்டது. விடியுமுன் எழுந்து ஆண்டுக்கணக்கில் உளி பிடித்த மணிக்கட்டு அது. சென்ற ஆண்டே வலி தாங்காமல் நான்கு தட்டுகளைக் குறைத்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஆண்டு உடம்பு சரியில்லை என்று சொல்லி முறுக்கையே நிறுத்திவிட எண்ணியிருந்தாராம். தட்டு வராத வீடுகள் என்ன நினைக்கும் என்பதே அவருடைய கவலை.

பேத்தி உரலை வாங்கிக்கொண்டாள். முதலில் பிழிந்தவை கோணலும் மாணலுமாக விழுந்தன. "அழுத்துறது நீ, சுத்துறது நான்" என்று பாட்டி பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்தார். விற்பனைக்கும் ஒரு நிபந்தனை பிறந்தது. தட்டுகளுக்கு உரியவை முதலில். அவற்றில் சாக்லேட் கிடையாது. மிச்ச மாவில் பேத்தி தன் பெட்டிகளைச் செய்துகொள்ளலாம்.

அவ்வாறே நடந்தது. குறைந்திருந்த நான்கு தட்டுகளும் திரும்ப வீதிக்கு வந்தன. பேத்தியின் பெட்டிகள் பழைய அலுவலகத் தோழியர் வழியாக விற்றன. பெரிய வருமானம் என்று சொல்வதற்கில்லை. மின்கட்டணத்துக்கும் தம்பியின் பள்ளிப் பேருந்துக்கும் ஆயிற்று. கிறிஸ்துமசுக்குப் பத்துப் பெட்டி வேண்டுமென்று லூர்து மாதா கோயில் வீட்டார் கேட்டபோது, காசு வாங்கலாமா என்று பேத்தி பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டுக்கு வாங்கு. ரெண்ட நான் தட்டுல வச்சு அனுப்புறேன்" என்றார் பாட்டி, உரலின் கைப்பிடியில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டியபடி.