சுருளாத சுருள்வில்

‘ஸ்பிரிங்’ என்று வந்தாலே ‘சுருள்வில்’ என்று எழுதுவது என் வழக்கம். தமிழ் முதுகலை படித்துவிட்டு இருபது ஆண்டுகளாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிப் பிழைப்பவனுக்கு இப்படிச் சில சொற்கள் தானாகவே கைக்கு வந்துவிடும். போன ஆண்டு தில்லியில் என் வீட்டுக்காரர் மேசைமேல் வைத்த ஸ்பிரிங்கோ சுருளவே இல்லை. ஆங்கில ‘வி’ எழுத்துபோல மடித்த தட்டையான எஃகு. ஒரு கால் முறிந்திருந்தது.

அது .32 வெப்ளி அண்ட் ஸ்காட் பிஸ்டலுடையது. பர்மிங்ஹாம் தயாரிப்பு. லண்டன் மாநகரக் காவல்துறை 1911இல் ஏற்றுக்கொண்ட ரகம். இந்த அளவுள்ள மற்ற பிஸ்டல்களில் பெரும்பாலும் குழலை ஒட்டிச் சுருள் ஸ்பிரிங் இருக்கும். வெப்ளியில் கைப்பிடியின் வலப்பக்கப் பலகைக்கு அடியில் இந்த ‘வி’ ஒளிந்திருக்கிறது. சுட்டதும் பின்னால் பாயும் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுவது இதுதான். இது போனால் பிஸ்டல் வெறும் இரும்பு.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வயது 76. பிரிவினையின்போது லாகூரிலிருந்து அவருடைய அப்பா கொண்டுவந்தவற்றில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். “பேட்டா, இன்டர்நெட்டில் தேடிப் பாரேன்” என்றார்.

தேடினேன். அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளின் உதிரிபாகங்களை விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. தபால் உறையில் போட்டு அனுப்பிவிடலாம், அவ்வளவு சிறியது. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதற்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. அந்த உறை சுங்கத்துறையைத் தாண்ட வேண்டுமானால் கூடவே ஒரு கட்டுக் காகிதம் வர வேண்டும்.

உள்நாட்டிலும் வழியில்லை. .32 தோட்டா இங்கேயே தயாராகிறது. அரசுத் தொழிற்சாலைகள் ‘அஷானி’ என்று ஒரு .32 பிஸ்டலும் செய்கின்றன. அதன் ஸ்பிரிங் வெப்ளிக்குப் பொருந்தாது.

காஷ்மீரி கேட் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப்போனேன். கடைக்காரர் ஸ்பிரிங்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, பிஸ்டலைத்தான் பார்த்தார். “ரிப்பேரை விடுங்கள், அங்கிள்ஜி. விற்றுவிடுங்கள்.” அவர் சொன்ன விலை என் ஆண்டுச் சம்பளத்தை நெருங்கியது. 1980களின் நடுவில் தனியாருக்கான இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால் வெளிநாட்டுத் துப்பாக்கிக்கு இங்கே நகை மதிப்பு. ஸ்பிரிங் வேண்டுமானால் வேறொரு வெப்ளி செத்தாக வேண்டும் என்றார். கண் தானம் கேட்டு வந்தவர்களிடம் பேசுவதுபோல இருந்தது.

முங்கேரில் செய்து தருவார்கள் என்று கடையில் நின்ற ஒருவர் காதில் போட்டார். 1760களில் மீர் காசிம் ஆயுதச் சாலை வைத்த ஊர். இன்றும் உரிமம் பெற்ற பட்டறைகள் அங்கே உண்டு. கள்ளத்துப்பாக்கிக்கும் அதே ஊர்தான் பெயர்போனது. எங்கள் தெருமுனை லேத்காரரோ இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்றார். பெரியவர் மறுத்துவிட்டார். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும் என்பது ஒரு காரணம். எஃகின் பதம் தப்பினால் ஸ்லைடு சிக்கும், அல்லது சட்டத்தை அடித்து நொறுக்கும் என்பது இன்னொன்று. நாற்பது ஆண்டுகள் லெட்ஜர் பார்த்தவர். பக்கம் இடிக்கும் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டார்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. மாடிப்படியில் குழந்தைகள் ஓடும் வீட்டில் அது ஊமையாகக் கிடப்பது நிம்மதி என்றே நினைத்தேன். அவர் மகளும் அதே கட்சி. 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயதானால் வாரிசுக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். குருகிராமில் இருக்கும் மகள் வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், ஒரே நிபந்தனையோடு: முறிந்த ஸ்பிரிங் முறிந்ததாகவே இருக்க வேண்டும்.

சட்டத்துக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. சுடாத பிஸ்டலுக்கும் அதே உரிமம், அதே போலீஸ் விசாரணை. “சுடாததற்கு எதற்கு இவ்வளவு?” என்று மகள் கேட்கிறார். “சுடாவிட்டால் அது அப்பாவுடையதே இல்லை” என்கிறார் இவர்.

இரண்டு மாதத்துக்கு முன் கடைக்காரர் போன் செய்தார். குழல் துருப்பிடித்த ஒரு வெப்ளி வந்திருக்கிறதாம். ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதாம். பெரியவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாது என்றிருக்கிறார்.